போர்வைக்குள் நாற்பது நிமிடங்கள்

விபத்தில் நசுங்கிய வாகனங்களுக்குள் சிக்கியவர்களை மீட்கும் பயிற்சிக்கு வரும் தீயணைப்பு வீரர்களை முதல் நாள் காலையில் நான் ஹைட்ராலிக் கட்டரை, அதாவது நீரழுத்த விசையில் இரும்பை வெட்டும் கத்தரியைத் தொட விடுவதில்லை. பயிற்சித் திடலில் நிற்கும் பழைய காரின் ஓட்டுநர் இருக்கையில் அவர்களில் ஒருவரை உட்கார வைத்து, தலைக்கவசமும் கண்காப்பும் அணிவித்து, தடித்த கம்பளிப் போர்வையால் தலை முதல் முழங்கால் வரை மூடிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் கதவைக் கடப்பாரையால் நெம்புகிறார்கள், கூரையைத் தட்டுகிறார்கள், பின்பக்கக் கண்ணாடியை உடைக்கிறார்கள், ஒருவருக்கொருவர் உரக்கக் கட்டளையிட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது அந்தப் பத்து நிமிடப் பயிற்சியின் விதி. போர்வையை நீக்கும்போது வியர்வையில் நனைந்திருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எப்படி இருந்தது என்று கேட்பேன். "எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரப்போகுதுன்னே தெரியல ஐயா" என்பதுதான் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் பதில். அடிபடாத, பயிற்சி என்று தெரிந்தே உள்ளே போய் உட்கார்ந்த, திடகாத்திரமான இளைஞருக்கே அப்படி இருக்குமானால், கால் முறிந்து இரத்தம் வழிய, பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவி ஏன் பேசவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணியில் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் தீயைச் சார்ந்தவை. குழாயை விரிப்பது, ஏணியில் ஏறுவது, பம்பை இயக்குவது, புகைக்குள் ஊர்ந்து போவது ஆகியவற்றில் எங்களை நன்றாகவே தேற்றினார்கள். ஆனால் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலையத்தில் பணியமர்த்தப்பட்ட பிறகுதான், வைக்கோற்போரும் கூரை வீடும் எரியும் அழைப்புகளுக்கு நிகராக, லாரிக்கு அடியிலும் பேருந்துக்குள்ளும் மனிதர்கள் சிக்கியிருக்கும் அழைப்புகளும் வரும் என்பதை உணர்ந்தேன். 2022ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடுதான். அந்த ஓராண்டில் மட்டும் இங்கே 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும் பகுதியினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும் என்பதால், எங்கள் கருவிகளுக்கு வேலை இருந்த விபத்துகள் அவற்றில் ஒரு பங்குதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பங்குக்குள் இருந்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாராலும் வெளியே எடுக்க முடியாதவர்கள்.

நான் இந்தப் பயிற்சியில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஓர் இரவு காரணம். ஆண்டையும் ஊரையும் தவிர்த்துவிட்டுச் சொல்கிறேன். விளக்கில்லாமல் சாலையோரம் நின்றிருந்த ஒரு பாரவண்டியின் பின்புறத்தில் இன்னொரு லாரி மோதி, அதன் முன்பகுதி முழுவதும் ஓட்டுநரின் மடிமீது வந்து அமர்ந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கடப்பாரையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டுநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல நினைவோடு இருந்தார். "அண்ணே, கால் மட்டும்தான் வரமாட்டேங்குது, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். எங்களிடம் அப்போது வெட்டும் இயந்திரம் இல்லை. கோடரியும் ஹேக்ஸாவும் பயன்படாமல் போனதும், அந்த வழியாக வந்த மற்றொரு லாரியை நிறுத்தி, சங்கிலியை நசுங்கிய கேபினில் கட்டி இழுக்கச் சொன்னோம். இரண்டாவது இழுப்பில் இரும்பு விலகியது, கால் விடுபட்டது, கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஐந்து நிமிடத்திற்குள் அவர் பேச்சு குழறியது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

மறுநாள் அந்த மருத்துவமனையின் மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தொடையை நசுக்கிக்கொண்டிருந்த இரும்பே ஓர் அணையைப் போல இரத்தக்குழாயை அடைத்து வைத்திருந்தது. நாங்கள் அணையைத் திறந்துவிட்டோம், ஆனால் திறப்பதற்கு முன்னால் தொடையின் மேற்பகுதியில் இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு பட்டையைக்கூடக் கையில் வைத்திருக்கவில்லை. அவரை வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அவரை உயிரோடு மருத்துவமனையில் சேர்ப்பதற்கான ஒரு படிதான் வெளியே எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை, நானும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவில்லை. அந்தத் தவறில் என் பங்கை நான் இன்றும் மறைப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் இந்த நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்கிறேன்.

எனவே என் பயிற்சியில் சிக்கியவரோடு இருக்கும் ஆளே முதலில் நியமிக்கப்படுபவர். வண்டி அசையாமல் நிறுத்தப்பட்டவுடன், பின்கதவு வழியாகவோ உடைந்த கண்ணாடி வழியாகவோ ஒருவர் உள்ளே நுழைந்து, சிக்கியவரின் தலையைத் தன் இரு கைகளாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பின் மீட்பு முடியும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. பெயரைக் கேட்க வேண்டும். மூச்சு எப்படி வருகிறது, எங்கே இரத்தம் போகிறது, கால்விரல்களை அசைக்க முடிகிறதா என்று பார்த்து வெளியே சொல்ல வேண்டும். அடுத்து என்ன சத்தம் வரப்போகிறது, எந்தக் கதவு போகப்போகிறது என்பதை முன்கூட்டியே உள்ளே சொல்ல வேண்டும். சிக்கியவரின் நிலை மோசமாகிறது என்றால், வெட்டிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தி, திட்டத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் உள்ளே நுழைந்தவருக்கு உண்டு. குழுவில் மிக இளையவராக இருந்தாலும் அந்த அதிகாரம் உண்டு என்பதைப் பயிற்சியின்போதே பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால், பதவியில் மூத்தவர் கருவியைப் பிடித்திருக்கும்போது இளையவர் வாய் திறக்கமாட்டார். நம் துறைகளின் பழக்கம் அப்படிப்பட்டது.

விபத்து நடந்த இடத்தை நெருங்குவதே ஒரு பாடம். எங்கள் ஊர்தியைச் சாலையின் குறுக்கே சாய்வாக, வருகின்ற வாகனங்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர் போல நிறுத்த வேண்டும். இரவு நேரத்து நான்குவழிச் சாலையில் மீட்பவர்கள்மீதே வேறொரு வாகனம் ஏறும் ஆபத்து, கவிழ்ந்த வண்டியால் வரும் ஆபத்தைவிடக் குறைந்ததன்று. இறங்கியவுடன் ஓடக்கூடாது. ஒருவர் வண்டியை ஒட்டியே சுற்றி வந்து அடியிலும் உள்ளேயும் பார்க்க, இன்னொருவர் எதிர்த்திசையில் சற்று அகன்ற வட்டமாக நடந்து வந்து, தூக்கி எறியப்பட்டவர்கள் புதரிலோ வாய்க்காலிலோ கிடக்கிறார்களா, மின்கம்பி அறுந்திருக்கிறதா, டீசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுக்காமல் நேராகக் கதவுக்கு ஓடியவர்கள், சாலையோரப் பள்ளத்தில் கிடந்த குழந்தையை அரை மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது முட்டுக்கொடுப்பது. கார் தன் சக்கரங்களில் நின்றாலும், அதன் சுருள்வில்களும் டயர்களும் அதை அசைத்துக்கொண்டேதான் இருக்கும். மேலே நாம் வெட்டும் ஒவ்வொரு அதிர்வும் உள்ளே இருப்பவரின் முறிந்த எலும்புக்குப் போகும். கதவுக்குக் கீழே உள்ள உறுதியான பகுதியின் அடியில் மரக்கட்டைகளையும் ஆப்புகளையும் அடுக்கி, வண்டியின் எடை டயரிலிருந்து கட்டைகளுக்கு இறங்கும்படி செய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. பயிற்சிக்கு வருபவர்களிடம், உங்கள் நிலையத்திற்குப் புதிய கருவி வரும்வரை காத்திருக்காதீர்கள், உள்ளூர் மரவாடியில் கழிவாகக் கிடக்கும் கட்டைகளை ஒரே அளவாக அறுத்து, கைப்பிடிக்கு ஒரு கயிறு போட்டு, ஊர்தியில் ஏற்றி வையுங்கள் என்று சொல்கிறேன். கத்தரியைவிட இந்தக் கட்டைகள்தான் அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

முட்டுக்கொடுத்தபின் இயந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்து, பாட்டரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கணம் நின்று யோசிக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். கண்ணாடிகள் மின்விசையில் இறங்குபவை என்றால், இருக்கை மின்விசையில் பின்னால் நகர்வது என்றால், மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே அவற்றை இறக்கி நகர்த்திவிட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தி இருக்கையைச் சற்று பின்னுக்குத் தள்ளுவதால் கிடைக்கும் இடத்தைப் பெற, பிறகு இருபது நிமிடம் இரும்பை வளைக்க வேண்டியிருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இளைஞர்களின் கண்கள் மின்னும், அது இயல்புதான். இந்த வகைக் கருவிக்கு வழி திறந்தவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கர். கார்ப் பந்தயத் திடலில் நொறுங்கிய காரிலிருந்து ஓட்டுநரை வெளியே எடுக்க ஆன நேரத்தைக் கண்டு, 1960களில் அவர் நீரழுத்த விசையால் விரியும் தாடைகளை வடிவமைக்கத் தொடங்கினார். இன்று நெதர்லாந்தின் ஹோல்மாட்ரோ, ஜெர்மனியின் லூக்காஸ் போன்ற நிறுவனங்களின் கருவிகள் 700 பார் அளவிலான அழுத்தத்தில் இயங்குகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய 700 கிலோ எடையை ஏற்றி வைப்பதற்கு அது சமம். இவ்வளவு விசையைக் கையில் கொடுக்கும்போது, எங்கே நிற்பது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். கருவிக்கும் வண்டிக்கும் இடையே உடலின் எந்தப் பகுதியும் இருக்கக்கூடாது. விரிக்கும்போதோ வெட்டும்போதோ கருவி தானாகத் திரும்பத் தொடங்கினால், அதைப் பிடித்து நிறுத்த முயலாமல், விசையை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதனோடு மல்லுக்கட்ட முடியாது.

பழைய அம்பாசிடரையும் மாருதி 800ஐயும் வெட்டிப் பழகியவர்கள் புதிய கார்களிடம் தோற்றுப்போவது இன்னொரு பெரிய சிக்கல். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணிலும் கதவுகளுக்குக் கீழும் இப்போது போரான் கலந்து சூட்டில் அழுத்தி உருவாக்கிய எஃகு வருகிறது. பழைய கார்களின் சாதாரணத் தகட்டைவிட அது நான்கைந்து மடங்கு வலிமையானது. பயணிகளைக் காக்க வந்த அந்த எஃகில் பழைய கத்தரியின் வாய் சறுக்கும், சில நேரம் பல்லே உடைந்து பறக்கும். வெட்ட முடியாத இடத்தோடு போராடாமல், கீல்கள் இருக்கும் பக்கம், கூரையோடு தூண் சேரும் மெல்லிய பகுதி, பின்கதவு என்று சுற்றிப்போகும் வழியைத் தேடச் சொல்கிறோம். இதைவிட ஆபத்தானது காற்றுப்பை. ஓட்டுநருக்கு 2019 ஜூலை முதலும், முன்னிருக்கைப் பயணிக்கு 2021 முதலும் புதிய கார்களில் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டபின், நாங்கள் போய் நிற்கும் பெரும்பாலான புதிய கார்களில் வெடிக்காத பை ஒன்றாவது இருக்கும் என்றே எண்ணிச் செயல்பட வேண்டும். பக்கத்திரைப் பைகளை நிரப்பும் அழுத்த வாயு உருளை கூரை ஓரத்திலோ பின்தூணிலோ உள்ளுறைக்குப் பின்னால் மறைந்திருக்கும்; அதை வெட்டினால் அது குண்டுபோல் சிதறும். எனவே வெட்டப்போகும் இடத்தின் பிளாஸ்டிக் உறையைக் கையால் உரித்துப் பார்க்காமல் கத்தரியை வைக்கவே கூடாது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் சில நிமிடங்களுக்கு அந்தச் சுற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால், பைக்கும் நமக்கும் இடைவெளி வேண்டும்: பக்கவாட்டுப் பைக்கு 5 அங்குலம், ஓட்டுநர் பைக்கு 10, பயணியின் பைக்கு 20. இந்த மூன்று எண்களை மட்டும் நான் வாய்ப்பாடுபோல் ஒப்பிக்க வைக்கிறேன்.

மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதிருப்பதும், சத்தமின்றி நிற்கும் வண்டி அணைந்துவிட்டது என்று நம்பாதிருப்பதும், எரிவாயுவில் ஓடும் கார்களில் பின்புறம் உள்ள உருளையின் அடைப்பானை மூடுவதும் தனி வகுப்பாகவே நடக்கின்றன. அவற்றை இங்கே விரித்து எழுதவில்லை.

நம் நெடுஞ்சாலைகளில் உண்மையான சோதனை கார் அன்று, லாரிதான். வெளிநாட்டுப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் காரைச் சுற்றியே எழுதப்பட்டவை. நம் லாரிகளின் முகம் தட்டையானது. ஓட்டுநர் முன்சக்கரத்திற்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். மோதினால் இடையில் நசுங்குவதற்கு மூக்குப்பகுதி இல்லை, அவருடைய முழங்கால்தான் இருக்கிறது. அவர் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் சிக்கியிருப்பதால், மீட்பவர் நின்று வேலை செய்ய முதலில் ஒரு மேடை வேண்டும். இன்னொரு லாரியின் பின்தட்டையே மேடையாக்கிக்கொள்ள நாங்கள் பழக்குகிறோம். நாமக்கல் பட்டறைகளில் கட்டப்பட்ட கேபின் என்றால் எங்கே மரம், எங்கே கோணக்கம்பி, எங்கே தகடு என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். எந்த நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்தும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. கரூரில் கூடு கட்டப்பட்ட பேருந்துகளுக்கும் இது பொருந்தும். எனவே பயிற்சியில் ஒரு நாளை ஒதுக்கி, கூடு கட்டும் பட்டறைக்கே வீரர்களை அழைத்துப்போகிறேன். தகடு மூடுவதற்கு முன் எலும்புக்கூடாக நிற்கும் கேபினைத் தடவிப் பார்த்தவருடைய கைக்கு, இருட்டில் எங்கே வெட்டுவது என்பது தெரிந்திருக்கும். அந்தப் பட்டறைகளில் வேலை செய்யும் வெல்டர்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த அளவுக்கு வேறு யாரும் சொல்லித்தந்ததில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

முன்பகுதியை விலக்குவதற்கு இப்போது நாங்கள் சங்கிலியைப் பயன்படுத்துவதில்லை. சங்கிலியால் இழுக்கும்போது எது எந்தத் திசையில் எவ்வளவு வரும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. கதவை அகற்றி, முன்தூணின் அடியிலும் மேலேயும் வெட்டுக் கொடுத்து, நடுத்தூணின் அடிப்பகுதியில் ஒரு தாங்கியை வைத்து, அங்கிருந்து நீளும் ராம் என்ற நீரழுத்தத் தண்டினால் டேஷ்போர்டை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ள வேண்டும். தள்ளும்போது உள்ளே இருப்பவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் காது கொடுக்க வேண்டும். காலை விடுவிக்கும் நொடிக்கு முன்பே தொடைப்பட்டை போடப்பட்டிருக்கிறதா, 108 ஊழியர் தயாராக நிற்கிறாரா என்று பொறுப்பாளர் வாய்விட்டுக் கேட்டு, "தயார்" என்ற பதில் வந்த பிறகுதான் கடைசி அங்குலம் நகர வேண்டும். கால் நெடுநேரம் நசுங்கியிருந்தால், விடுபட்டவுடன் அதில் தேங்கிய நச்சுப்பொருள்கள் இதயத்தைத் தாக்கும் என்பதால், இரத்தநாளம் வழியே திரவம் ஏற்றுவதும் அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பெரிய கருவி தேவை என்றும் இல்லை. பிரேக் மிதிக்கு அடியில் பாதம் மாட்டிக்கொண்டிருக்கும் காரில், மிதியில் ஒரு பட்டையைக் கட்டி, மறுமுனையைப் பாதி திறந்த கதவின் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, கதவை மெதுவாக முழுவதும் திறந்தால் போதும். மிதி வளைந்து பாதம் வெளியே வந்துவிடும். கதவையே நெம்புகோலாக்கும் இந்த எளிய முறையைச் செய்துகாட்டும்போது, அதுவரை பின்வரிசையில் அமைதியாக நின்றிருந்தவர்கள்கூட முன்னால் வந்து தாங்களும் செய்து பார்க்கக் கேட்பார்கள்.

எங்கள் காலத்துப் பாடத்தில் இன்னொரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. சிக்கியவரை இம்மிகூட அசைக்கக்கூடாது, கூரையை முழுவதும் நீக்கி, முதுகுப் பலகையில் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகள் கற்பித்தோம். தண்டுவடம் பாதிக்கப்பட்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இங்கிலாந்தின் அவசர மருத்துவர் டிம் நட்பீமும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு அந்த அச்சத்தின் அளவைக் காட்டியது. விபத்து வாகனங்களில் சிக்கிக்கொண்ட ஏறக்குறைய 7,000 பேரில் தண்டுவடக் காயம் இருந்தவர்கள் 0.7 விழுக்காடுதான், ஆனால் சிக்கியவர்களில் 8.9 விழுக்காட்டினர் இறந்தார்கள், சிக்காதவர்களில் இறந்தவர்கள் 5 விழுக்காட்டினர். அபூர்வமான ஒரு காயத்திற்கு அஞ்சி, மற்ற காயங்களால் இரத்தம் இழந்துகொண்டிருந்தவர்களின் நேரத்தை நாம் செலவழித்திருக்கிறோம். அதே குழுவினர் ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கொண்டு செய்த சோதனைகளில், நாலு பேர் சேர்ந்து பலகையில் இழுப்பதைவிட, ஒருவர் தானாகவே இறங்கி வரும்போதுதான் முதுகெலும்பு குறைவாக அசைகிறது என்றும் தெரிந்தது. நான் இதைப் படித்த நாளில், எத்தனை பேரை "அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லி உட்கார வைத்திருப்பேன் என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனவே இப்போது, சிக்கியவர் நினைவோடு இருந்து, நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு, கால்களை அசைக்க முடிகிறது என்றால், கதவைத் திறந்து கொடுத்து, "உங்களால இறங்க முடியுதா, பாருங்க, வலிச்சா நிறுத்திடுங்க, நாங்க பிடிச்சிருக்கோம்" என்று கேட்பதே முதல் முயற்சி என்று கற்பிக்கிறோம். கூரையை வெட்டுவதைக் காட்சியாக எதிர்பார்த்து வந்த சில வீரர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். உண்மையாகவே சிக்கியிருப்பவர்களுக்கு இரண்டு திட்டம் வேண்டும்: முழு வழியையும் திறந்து நிதானமாக எடுக்கும் திட்டம் ஒன்று; அவர் நிலை சரிந்தால் அந்த நொடியில், இருக்கும் வழியாகவே இழுத்து எடுக்கும் திட்டம் இன்னொன்று. இரண்டாவது திட்டத்திற்கான வழியை முதலில் திறந்து வைத்துவிட்டுத்தான் முதலாவதைத் தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பால்டிமோர் நகரின் அறுவை மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கௌலி பரப்பிய 'பொன்னான ஒரு மணி நேரம்' என்ற கருத்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வரையறையாக இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் வழியைச் செய்தது. அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய பகுதி, அதாவது நசுங்கிய இரும்புக்குள் கழியும் பகுதி, எங்கள் பொறுப்பு. அதனால்தான் 108 ஊழியர்களையும் அதே பயிற்சித் திடலுக்கு வரவழைத்து, ஒரே காரைச் சுற்றி இரு குழுவினரையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். விபத்து நடந்த இடத்தில் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பவர்களிடம் ஒருங்கிணைப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பயிற்சிக்குக் கார் கிடைப்பதுதான் எங்கள் தீராத கவலை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளை வாங்கலாம். ஆனால் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை இருபது ஆண்டுப் பழைய வண்டிகள், வீரர்கள் சாலையில் சந்திப்பவையோ புதியவை. மறுபுறம், வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளும் காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாக எழுதிவிட்ட புதிய மாடல் கார்களும் காவல் நிலைய வாசல்களிலும் வெட்டவெளிகளிலும் கொடி படர்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன. நடைமுறை முடிந்த வண்டிகள் உடைப்பு நிலையத்திற்குப் போகும் வழியில் ஒரு வாரம் எங்களிடம் தங்கினால் போதும். வெட்டிப் பழகியபின் இரும்பு எடை குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடுவோம். காற்றுப்பை எங்கே இருக்கிறது, எந்தத் தூண் வெட்டுப்படாது என்பதைப் படத்தில் பார்ப்பதற்கும், உறையை உரித்து விரலால் தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இதைக் கேட்டுப் பல இடங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

குழுவில் கட்டளையிடுபவர் கருவியைத் தொடக்கூடாது என்ற விதியையும் நான் தளர்த்துவதில்லை. நம் நிலைய அலுவலர்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆள் குறைவாக இருப்பதால் தாங்களே கத்தரியைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த நொடியில் அவர் கண்ணுக்குத் தெரிவது கத்தரியின் வாயிலிருக்கும் ஓரடி இரும்பு மட்டுமே; டீசல் ஒழுகுவதோ, கட்டை நழுவுவதோ, உள்ளே இருப்பவர் மயங்குவதோ தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றே அவர்களிடம் சொல்கிறேன். கூட்டத்தில் யாராவது, அலுவலர் சும்மா நிற்கிறார் என்று படம் பிடித்துப் போடுவார்களே என்று ஒருவர் கேட்டார். போடட்டும் என்றேன்.

கடைசி நாள் பயிற்சி முழு ஒத்திகை. கவிழ்த்து வைத்த காருக்குள் ஒருவரைப் போர்வையால் மூடி வைத்து, அழைப்பு வருவது முதல் பலகையில் ஏற்றுவது வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். சென்ற முறை, உள்ளே இருக்க ஓர் இளம் வீரர் முன்வந்தார். பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆனவர். குழு நன்றாகவே செய்தது: கட்டைகள் நழுவவில்லை, உறைகள் உரிக்கப்பட்டன, உள்ளே நுழைந்தவர் அவருடைய தலையை ஒருமுறைகூட விடவில்லை, ஒவ்வொரு சத்தத்திற்கு முன்பும் பேசினார். நாற்பது நிமிடங்களில் வெளியே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள், நானும்தான். மரநிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, என்ன குறை என்று அவரிடம் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எல்லாம் சொன்னாங்க ஐயா, ஆனா இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் யாரும் சொல்லல. அது தெரிஞ்சிருந்தா தாங்கிக்கலாம்னு இருந்துச்சு" என்றார்.

எனக்கு அந்த லாரி ஓட்டுநரின் நினைவு வந்தது. அவரும் என்னிடம் அதைத்தான் இரண்டு முறை கேட்டார். நான், "இதோ ஆச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே எங்கள் ஒத்திகைத் தாளில் ஒரு வரியைச் சேர்த்தோம். இப்போது பொறுப்பாளர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நேரத்தை உரக்கச் சொல்கிறார். உள்ளே நுழைந்த வீரர் அதை, போர்வைக்குள் இருப்பவரின் காதருகே, அவர் பெயரைச் சொல்லி, திரும்பச் சொல்கிறார்.